நடுச்சுவரின் உச்சி

திங்கட்கிழமை வேலைக்கு வரப்போகும் இரண்டு பிள்ளைகளுக்கும்,

உங்களில் ஒருவருக்கு வலப்பக்க வீடு, மற்றவருக்கு இடப்பக்க வீடு என்று மேனேஜர் சொல்லியிருப்பார். வலப்பக்க வீட்டை இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டவன் நான். முழங்கால் மடங்க மறுக்கிறது, அதனால் இப்போது வீட்டோடு இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மண் குழைப்பது, மண்கல் அடிப்பது, காயவைப்பது எல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். அதை எழுதிப் பயனில்லை. என் சொந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது பொறாமையைப் பற்றி.

கலஹா வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைச் சரிவோரமாக நடந்தால் நம்முடைய முற்றம் வரும். நாலு பக்கமும் திறந்த பெரிய தகரக் கூரை. அதன் கீழே ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இரண்டு மண் வீடுகள். ஆயிரமாயிரம் வருடங்களுக்கு முன்னால் பெரிய ஆற்றங்கரை ஊர்களில் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகக் கட்டியவை. அந்த ஊர்களில் நம்மைப்போல மலையும் மரமும் கிடையாது. இருந்ததெல்லாம் ஆற்று வண்டலும் வெயிலும்தான். மண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதித்து, மர அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்து, சுடாமலேயே அடுக்கி வீடு கட்டினார்கள். சந்துகள் ஒடுக்கம். வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். இரண்டு குடும்பத்துக்கு ஒரு சுவர். அதைக் காட்டத்தான் நம்முடைய இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர் வைத்தோம்.

அந்த இரண்டு வீட்டையும் கட்டியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வயிற்றெரிச்சல் தொடங்கியதே அங்கேதான்.

நான் தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து கண்டி டவுனில் மேசன் வேலை பழகியவன். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் கெட்டபிறகு கட்டட வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. அப்போதுதான் இந்த முற்றத்து வேலை வந்தது. உயரம் ஏற வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். மண்ணோடு பொறுமையாக இருந்தால் போதும். இதை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை என்பது எனக்கும் என் மனைவிக்கும் நன்றாகத் தெரியும்.

கட்டி முடித்தபின் வீட்டுக்கு ஒரு ஆள் என்றார்கள். ஒரு வீடு எனக்கு. மற்ற வீட்டுக்கு அலவத்துகொடையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் இல்லாதவர். இரண்டு பஸ் மாறி வருவார், ஆனாலும் எனக்கு முன்னால் வந்து நிற்பார். அவர்கள் ஊரில் மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் அவரை ராத்தா என்றே கூப்பிட்டோம். அவர் என்னைப் பாஸ் என்பார். மேசன்மாரை எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்.

ராத்தா வந்த வாரமே நடுச்சுவரோடு ஒட்டி ஒரு மண் அடுப்பு போட்டார். பெரிய சாடி மாதிரி இருக்கும். உள்ளே நெருப்பு. தட்டிய மாவை உள்சுவரில் அப்பினால் கொஞ்ச நேரத்தில் ரொட்டி பொங்கிக் கழன்று கைக்கு வரும். பழைய காலத்து ஆட்கள் அப்படித்தான் சுட்டார்களாம். வருகிற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு.

அதோடு என் வீடு செத்தது.

என் வீட்டில் என்ன இருந்தது? முழங்காலிட்டு மாவரைக்கும் கல் இருந்தது. மாடத்தில் விளக்கு இருந்தது. தட்டைக் கூரைக்கு ஏற ஏணி இருந்தது. வெக்கை நாளில் அந்தச் சனங்கள் கூரையில் பாய் விரித்துப் படுத்தார்கள் என்று சொல்லுவேன். சில ஊர்களில் செத்தவர்களை வீட்டுத் தரைக்குக் கீழேயே புதைத்தார்கள் என்று சொல்லுவேன். அந்த இடத்தில் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து ரொட்டி வாசம் வரும். ஒருத்தன் மெல்ல நழுவுவான். பின்னால் இரண்டு பேர். கடைசியில் டீச்சரும் போய்விடுவார். தரைக்குக் கீழே புதைத்தவரும் நானும் மட்டும் மிஞ்சுவோம்.

பள்ளிக்கூடங்கள் பிறகு பிள்ளைகள் வரைந்த படங்களை அனுப்பும். மேனேஜர் அவற்றை அலுவலகச் சுவரில் ஒட்டுவார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் ராத்தாவின் வீட்டிலிருந்து புகை போகும், பக்கத்தில் ராத்தா சூரியன் மாதிரி சிரிப்பார். என் வீடு ஓரத்தில் ஒரு பெட்டி. அதற்கு முன்னால் ஒரு மீசை. அவ்வளவுதான். அந்தப் பெட்டியையும் புகை போகும் வீட்டையும் ஒரே கை கட்டியது என்று எந்தப் படத்திலும் இல்லை.

ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டேன். "ராத்தா, புள்ளைங்களுக்கு நான் கதைய முடிக்க விட்டுட்டு அப்புறமா ரொட்டியப் போடக் கூடாதுங்களா?"

"நானா புள்ளைகளெ இழுக்கிற? அதுகளுக்கு சோறு ஈக்கிற ஊடும் தெரியும், சேறு ஈக்கிற ஊடும் தெரியும் பாஸ்."

அன்றைக்கே என் முன்சுவரை மறுபடி மெழுகினேன். நயமான களிமண்ணை அரித்தெடுத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். அடுத்த வாரம் ராத்தா தன் முன்சுவரின் அடியில் செம்மண்ணால் ஒரு பட்டை இழுத்தார். நான் வாசலுக்கு மேலே கோலம் மாதிரி ஒரு வேலைப்பாடு செதுக்கினேன். அவர் தரையில் பின்னல் பாய் போட்டார். அவர் எனக்கு மேலே போனால் எனக்கு நித்திரை வராது. நான் மேலே போனால் அவருடைய ரொட்டி தீயும். அதை நான் கண்டிருக்கிறேன். அவருக்கும் என்மேல் எரிச்சல் இருந்தது. பிள்ளைகளை மண்குழியில் இறங்கி மிதிக்க விடுவது என் முற்றத்தில் மட்டும்தான்.

இப்படி இருக்கும்போது மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். என் மகன் வயது. நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"பிள்ளையள் வாறது குறைஞ்சு போச்சு. ரெண்டு வீட்டுக்கும் ஒராள் காணும், மற்றாளை நிப்பாட்டுங்கோ எண்டு கொழும்பு ஒபிசில சொல்லினம். இந்தப் பள்ளிக்கூடத் தவணை முடியும்வரைக்கும் ரெண்டு பேரும் இருங்கோ. பிறகு ஆரை வச்சிருக்கிறதெண்டு நான் பாத்துச் சொல்லுறன்."

வெளியே வந்தோம். நான் நேரே போய்க் களிமண்ணை ஊறப்போட்டேன். அவர் விளக்குமாற்றை எடுத்தார்.

ஐப்பசி மழை பிடித்தது. கண்டி மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை இருக்கிறதே என்று நினைப்பீர்கள். இரண்டு தகரம் சேரும் பொருத்து ஒன்று சரியாக நடுச்சுவருக்கு மேலே இருந்தது. அதில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பெரிய ஒழுக்கு இல்லை. சுவரின் உச்சியில் விழுந்து, விழுந்த இடம் தெரியாமல் உள்ளே போய்விடும். நான் பார்த்தேன், அது ராத்தாவின் அடுப்புச் சுவர்தானே என்று நினைத்தேன். ராத்தாவும் பார்த்திருந்தார், பாஸ் கட்டிய சுவர், பாஸ் பார்க்கட்டும் என்று நினைத்தாராம். இது பிறகு தெரிந்தது.

மண் சுவரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முகத்தில் படும் சாரலை அது தாங்கும். காலை ஈரமாக்காமல் வைத்தால் நிற்கும். தலை திறந்திருந்தால் மட்டும் தாங்காது. தலை வழியாக இறங்கும் தண்ணீர் வெளியே தெரியாமல் கல்லை மறுபடி சேறாக்கும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் மழைக்கு முன்னால் வருடா வருடம் கூரையையும் சுவர் உச்சியையும் புது மண்ணால் மூடினார்கள். நாங்களும் மூடியிருக்க வேண்டும். எங்கள் முன்சுவர்கள் இரண்டும் கல்யாண வீடு மாதிரி இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை கண்டியிலிருந்து பெரிய பள்ளிக்கூடம் ஒன்று வருவதாக இருந்தது. மேனேஜர் எங்களை எடைபோடப் போவது அன்றைக்குத்தான் என்று இருவருக்கும் தெரியும். காலையில் விளக்கை எடுக்க மாடத்தடிக்குப் போனேன். நடுச்சுவர் என் பக்கம் வயிறு தள்ளி நின்றது. தட்டினேன். பொத்துப் பொத்தென்று சத்தம். கை வைத்தேன். சில்லென்றிருந்தது. மறுபக்கம் அடுப்புச் சூடு, இந்தப் பக்கம் ஈரம். சுவர் எந்தப் பக்கம் விழலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

ஓடிப்போய் அவர் வாசலில் நின்று சொன்னேன். "ராத்தா, அடுப்பப் பத்த வைக்காதீங்க. சுவரு தள்ளிருச்சு."

அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அவர் மாவிலிருந்து கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தின நாளா நிண்ட சுவர், பெரிய ஸ்கூல் வர்ற நாளாப் பாத்தா சாயப் போகுது?"

"சத்தியமாச் சொல்றேங்க."

"சத்தியம் செய்யாதீங்க பாஸ். நான் பாக்கச்செல்ல நேராத்தான் நிக்கிது."

அவர் சொன்னதும் பொய்யில்லை. அவர் பக்கம் சுவர் நேராகத்தான் தெரிந்தது. அடுப்பு மறைத்துக்கொண்டிருந்தது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "என்ன பாஸ், பஸ் கேற்றடிக்கு வந்திட்டுது. ரெண்டு கம்பை முட்டுக் குடுத்திட்டு இண்டைக்கு மட்டும் சமாளியுங்கோவன்."

"முட்டுக் குடுத்த எடம் மட்டும்தான் நிக்கும் சேர். மத்ததெல்லாம் புள்ளைங்க மேல வரும்."

"அப்ப என்ன செய்யிறது? திருப்பி அனுப்புறதோ?"

பஸ்ஸிலிருந்து பிள்ளைகளின் பாட்டுச் சத்தம் கேட்டது. இதைப் படிக்கும் பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் வாய் உயரும். சத்தம் போட்டு, மேனேஜரைக் கொண்டு அந்த அடுப்பை அணைக்க வைத்திருக்கலாம். ஆனால் நான் சொல்லி அணைத்த நெருப்பு நான் இல்லாத நேரம் மறுபடி எரியும். ராத்தா என்னை நம்ப வேண்டாம். சுவரை நம்பினால் போதும். சுவர் தன் வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது என் வீட்டில்.

"ராத்தா, ஒரு தடவ எங்க வீட்டுக்கு வாங்க" என்றேன்.

"நானா? ஒங்கட ஊட்டுக்கா?"

அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து என் வாசலைத் தாண்டியதில்லை. நானும் அவர் வாசலைத் தாண்டியதில்லை. மாவுக் கையோடு வந்தார். வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார்.

"தரைக்கு என்னத்தெ போட்டு மெழுகின? இப்பிடிப் பளபளக்குது?"

"அப்புறம் சொல்றேங்க. சுவரப் பாருங்க."

பார்த்தார். கையை வைத்தார். எடுத்தார். சுவரில் வெள்ளையாக அவர் உள்ளங்கை பதிந்திருந்தது. அந்தக் கை பதிந்த பூச்சு அப்படியே கழன்று எங்கள் இருவர் காலடியிலும் விழுந்தது. உள்ளே கல் இல்லை, சேறுதான் இருந்தது.

"யா அல்லாஹ்" என்றார். திரும்பிப் போய்த் தன் கையாலேயே அடுப்புக் கங்குகளை வாரி வெளியே கொட்டினார்.

பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பலா மரத்தடியில் கயிறு கட்டி அதற்கு அந்தப் பக்கம் உட்கார வையுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னேன். மேனேஜரும் தோட்டக்காரரும் வந்து கை கொடுத்தார்கள். கூரை மரங்களுக்குக் கமுகந் தடிகளால் முட்டுக் கொடுத்தோம். பிறகு என் பக்கம் நானும் அவர் பக்கம் ராத்தாவுமாகப் பலகையில் ஏறி, உச்சியிலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கையாலேயே சுவரைக் கழற்றத் தொடங்கினோம்.

"ரொட்டி இல்லையா மிஸ்?" என்று ஒரு குரல் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ரொட்டி வாசம் இல்லாமல் ஒரு வகுப்பு என் முன்னால் உட்கார்ந்திருப்பது அதுதான் முதல் தடவை. அந்த ஊர்களில் வீடு பழுதானால் இப்படித்தான் பிரிப்பார்கள், மண்ணைக் கொண்டுபோய் வீச மாட்டார்கள், மட்டமாக்கி அதன் மேலேயே புது வீடு கட்டுவார்கள், அப்படி வீட்டுக்குமேல் வீடாக ஊரே மேடாகிப்போனது என்று கதையைத் தொடங்கினேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "அது மட்டுமா? வாசல்ல கொட்டின குப்பையால தெருவும் ஒசரும். அப்ப ஊட்டுக்குள்ள போறதுக்குப் படி எறங்கணும். எறங்கச்செல்ல ஊட்டுக்குப் புதுசா வந்த யாருட கால் சறுக்கும் சொல்லுங்க பாப்போம்?"

"மருமகளோட கால்!" என்று ஒரு பெண்பிள்ளை கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தீப்பிடித்தது. ரொட்டி இல்லாமலும் அவர் என்னைவிட நன்றாகக் கதை சொல்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவர் இறங்க இறங்க முதலில் ராத்தாவின் முக்காடு தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு முகம் முழுக்க. முகத்தில் சேறு அப்பியிருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மேனேஜர் சேறாகிப்போன மேல்வரிசைக் கற்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தச் சுவரின்ர மேல்பக்கம் பூசுறது ஆற்ர வேலை?"

"பாஸ்ட வேலை" என்றார் ராத்தா. "ராத்தா வேலைங்க" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டு சேற்று விரல்களும் சுவருக்கு மேலால் ஒன்றையொன்று காட்டின. பலா மரத்தடியில் அந்தப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மத்தியானத்துக்குள் சுவர் தரைமட்டமானது. பிள்ளைகள் வைக்கோல் போட்டு அந்த மண்ணை மிதித்தார்கள். ராத்தாவும் செருப்பைக் கழற்றிவிட்டு என் குழியில் இறங்கினார். மேனேஜர் உள்ளே போய் நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"இப்பதான் வடிவா இருக்கு. ஒரு பெரிய வீடு. இனிச் சுவர் வேண்டாம். ஒராளே பாத்துக்கொள்ளலாம்."

நானும் ராத்தாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். சுவர் இல்லாததால் பார்க்க முடிந்தது. அந்த ஒராள் யார் என்று இருவருக்கும் தெரியவில்லை. நானாக இருக்கலாம். ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தால், நானே ஆகியிருக்கவும் கூடும். அவருக்கும் அதே நினைப்பு ஓடியது கண்ணில் தெரிந்தது.

"சுவர் வேணும் சேர்" என்றார் ராத்தா. "நாள் முழுக்க பாஸுட மொகத்தெ பாத்துட்டு எனக்கு ரொட்டி சுட ஏலாது."

"ஆமாங்க சேர்" என்றேன் நான். "அவங்க அடுப்புப் பொகைய என்னாலயும் குடிச்சிக்கிட்டு இருக்க முடியாது. அதோட கூரை மரம் நீளம் பத்தாதுங்க. நடுவுல தாங்க ஒண்ணு வேணும்."

மேனேஜர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒன்றுக்கு ஒத்துப்போனதை அவர் அதுவரை கண்டதில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சர், "சுவர் எழும்பும்போது பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரலாமா?" என்று கேட்டார்.

"சரி, சரி. சுவர் எழும்பி முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் இருங்கோ" என்றார் மேனேஜர்.

கண்டிக் குளிரில் மண்கல் எவ்வளவு மெதுவாகக் காயும் என்று உங்களுக்குப் போகப்போகத் தெரியும். நாங்களும் அவசரப்படவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் திரும்ப வந்தது. அதைக் கேள்விப்பட்டு வேறு பள்ளிக்கூடங்கள் வந்தன. ஒவ்வொரு வகுப்பும் சில கற்கள் அடித்தது. சுவர் ஆள் உயரம் வந்தபோது தவணை எப்போதோ முடிந்திருந்தது. ஒராள் பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை. உச்சியை மூடும் நாளில் என் பக்கம் ஒரு ஏணி, அவர் பக்கம் ஒரு ஏணி. ஆளுக்குப் பாதி. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் அப்படித்தான்.

பிள்ளைகளே, பொறாமைப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒட்டிய வீட்டில் வேலை செய்தால் அது வரும். உங்கள் முன்சுவரை அதனால் அழகாக்குங்கள், நல்லது. ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாத இடம் ஒன்று இருக்கும். அதைப் பூசினால் பாதி நன்மை பக்கத்து வீட்டுக்குப் போகும். தண்ணீர் அங்கேதான் இறங்கும்.

ராத்தாவும் இந்த மாதத்தோடு வேலையை விட்டு நிற்கிறார். இரண்டு ஏணிகளும் பலா மரத்தில் சாத்தியிருக்கின்றன. திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால், ஆளுக்கொரு பக்கம் ஏறிச் சுவர் உச்சியைத் தடவிப் பாருங்கள். ராத்தாவின் பாதி பாத்திரம் துலக்கிய மாதிரி வழவழப்பாக இருக்கும். என் பாதியில் விரல் தடம் தெரியும். அப்படி இருந்தால்தான் அடுத்த வருடப் பூச்சு நன்றாகப் பிடிக்கும், அதற்காகவே விட்டேன். ராத்தா இதற்கு வேறு காரணம் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.